திருகோணமலையில் எயார்பிரஷ் தொடங்குவது எப்படி: கொம்பிரசர், ஈரம், தின்னர்

உப்புவெளியில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 1/72 அளவு விமான மொடல்களை இதுவரை தூரிகையால் பூசி வருகிறாராம். தூரிகைத் தடம் எவ்வளவு முயன்றும் மறையவில்லை, எயார்பிரஷுக்கு மாறப் போகிறார். அவர் கண்ணில் பட்டவை மூன்று: சார்ஜ் ஏற்றிக் கையில் பிடித்து அடிக்கும் சிறிய செட், வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் ரயருக்குக் காற்றடிக்கும் பம்ப், 3 லீற்றர் தாங்கியோடு வரும் மொடல்காரர்களுக்கான கொம்பிரசர். எது போதும், கூட என்னென்ன வாங்க வேண்டும், மாரி தொடங்க முதல் வாங்குவதா தை வரை பொறுப்பதா என்பது கேள்வி. கேள்வியில் விலைதான் முன்னுக்கு நிற்கிறது. ஆனால் அவர் அறிய வேண்டியது, காற்று எங்கிருந்து வருகிறது என்பதால் பூச்சு மாறுமா என்பதைத்தான். மாறும். கடலைச் சுற்றி வைத்திருக்கும் நம்முடைய ஊரில் இன்னும் கூடுதலாக மாறும். அதனால் எயார்பிரஷைப் பற்றிப் பேச முதல் காற்றைப் பற்றிச் சொல்லி விடுகிறேன்.

சார்ஜ் செட்டில் பம்ப், பற்றரி, எயார்பிரஷ் மூன்றும் ஒரே பிடியில் இருக்கும். அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கப் பெரும்பாலானவற்றில் வழி இல்லை, இருப்பவற்றிலும் இரண்டு மூன்று படிகள்தான். காற்று குளிர இடமில்லை, அதிலுள்ள தண்ணீரைப் பிடிக்கவும் இடமில்லை. முழு மொடலுக்கும் பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்க, கப்பல் உடலை ஒரே நிறத்தில் பூச அது போதும். மெல்லிய கோடு, விளிம்பு மங்கிப் போகும் உருமறைப்பு நிறங்கள் என்று வரும்போது அமுக்கம் இறங்க மறுக்கும், கையும் பாரத்தால் நடுங்கும். ரயர் பம்ப் இதற்கு ஏற்றதே இல்லை. கொஞ்சக் காற்றைக் கூடிய அமுக்கத்தில் சில நிமிடங்கள் தள்ளுவதற்குச் செய்தது அது. தொடர்ந்து ஓடினால் மோட்டர் சூடேறிக் கருகும். பிஸ்டனின் ஒவ்வொரு அடியும் பெயின்றில் துடிப்பாகத் தெரியும். அதை வாகனத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 3 லீற்றர் தாங்கியுள்ளது, சரியான தெரிவு. ஆனால் அந்தத் தாங்கி எதற்கு என்று விளங்கிக்கொண்டு வாங்குங்கள். இந்த வகைக் கொம்பிரசர்கள் ஓயில் இல்லாத ஒற்றைப் பிஸ்டன் கொண்டவை. மோட்டர் ஐந்தில் ஒன்று அல்லது ஆறில் ஒன்று குதிரைவலு, காற்று நிமிடத்துக்கு 20 முதல் 23 லீற்றர் என்று பெட்டியில் எழுதியிருக்கும். அந்த எண் அமுக்கம் எதுவும் இல்லாத நிலைக்குரியது. தாங்கி நிரம்பும்போது குறையும். தாங்கி 4 பாருக்கு (பார் அமுக்க அலகு, ஒரு பார் ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ) ஏறியதும் மோட்டர் தானாக நிற்கும், 3 பாருக்கு இறங்கியதும் மீண்டும் ஓடும். 3 லீற்றர்த் தாங்கி ஒரு பார் இறங்கும்போது வெளியே தருவது வெறும் 3 லீற்றர் காற்று. எயார்பிரஷின் 0.3 மி.மீ. நொசில், அதாவது பெயின்ற் வெளிவரும் நுனித் துளை, நிமிடத்துக்குப் பத்து லீற்றர் கேட்கிறது என்று வைத்தால், அது பதினெட்டு விநாடிக்குக் காணும். ஆகவே தாங்கி இருந்தால் சத்தம் இருக்காது என்று எண்ண வேண்டாம், நீங்கள் அடிக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் மோட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தாங்கி செய்யும் வேலை வேறு இரண்டு: பிஸ்டனின் துடிப்பை விழுங்கும், சூடான காற்றை ஆறவிட்டுத் தண்ணீரைக் கீழே இறக்கும். இந்த இரண்டும் இல்லாமல் நல்ல பூச்சு கிடையாது.

நீங்கள் கேட்காத நான்காவது வழியும் உண்டு. கராஜ்காரரும் தச்சுவேலைக்காரரும் வைத்திருக்கும் 24 லீற்றர்த் தாங்கிக் கொம்பிரசர் ஹாட்வெயார் கடைகளிலேயே கிடைக்கும், திருத்த ஆளும் ஊரில் இருப்பார். அது 8 பாரில் நின்று 6 பாரில் மீண்டும் ஓடும் வகையாக இருந்தால், அந்த இடைவெளிக்குள் 48 லீற்றர் காற்று, அதாவது ஏறத்தாழ ஐந்து நிமிடம் அமைதி. ஆனால் ஓடும்போது அது போடும் சத்தத்தில் அடுத்த வளவும் எழும்பும். நேரே 8 பாரை எயார்பிரஷுக்குக் கொடுக்கவும் முடியாது. சிறு அமுக்கத்தை நுணுக்கமாகக் காட்டிக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் தண்ணீர் வடிகட்டியும் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும். ஓயில் ஊற்றி ஓடும் வகை என்றால் ஓயிலையும் பிடிக்கும் வடிகட்டி வேண்டும். ஒரு துளி ஓயில் வந்தாலும் பெயின்ற் அந்த இடத்தில் வட்டமாக விலகி நிற்கும். தனி அறையோ பின் கொட்டிலோ இருப்பவருக்கு இது நல்ல வழி. இரவில் பிள்ளைகள் படுத்த பிறகுதான் நேரம் கிடைக்கும் என்பவருக்கு 3 லீற்றர் கொம்பிரசரே பொருந்தும்.

பழைய குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசரைக் கழற்றி, கேஸ் சிலிண்டரிலோ பிவிசி குழாயிலோ தாங்கி செய்து பூட்டும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அது சத்தமில்லாமல் ஓடும் என்பது உண்மை. ஆனால் அடித்த காற்றுக்குப் பிவிசி குழாய் ஒருபோதும் ஆகாது. வெடித்தால் கூரிய துண்டுகளாகச் சிதறும். கேஸ் சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கித் துருப்பிடிப்பது வெளியே தெரியாது, அதில் மிஞ்சியிருக்கும் கேஸ் இன்னொரு ஆபத்து. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை, செய்யாதீர்கள்.

இனி ஈரம். 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று, அதாவது 1000 லீற்றர், தன்னால் முடிந்த மட்டும் தாங்கினால் 30 கிராம் அளவு நீராவியை வைத்திருக்கும். ஈரப்பதன் 80 வீதம் என்றால் 24 கிராம். கொம்பிரசர் அந்த 1000 லீற்றரை 4 பாருக்கு அடக்கும்போது அது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சுருங்கி ஆறிய அந்தக் காற்றில் 6 கிராமுக்கு மேல் நிற்காது. மிச்சம் 18 கிராம், மூன்றரைத் தேக்கரண்டித் தண்ணீர், எங்கோ ஓரிடத்தில் இறங்கியே ஆக வேண்டும். 1000 லீற்றர் என்பது இந்தச் சிறிய கொம்பிரசருக்கு ஒரு மணித்தியாலச் சொச்ச ஓட்டம்தான். தாங்கி இருந்தால் தண்ணீர் அதன் அடியில் தேங்கும், மிச்சத்தை ரெகுலேட்டரோடு சேர்ந்த தெளிவான கிண்ணம், மொய்ஸ்சர் ட்ராப், பிடிக்கும். பிறகு ரெகுலேட்டர் 4 பாரை 1.2 பாருக்கு இறக்கும்போது காற்று விரிந்து, ஈரப்பதன் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. தாங்கி இல்லாத கொம்பிரசரில் காற்று சூடாகவே ட்ராப்பைத் தாண்டும். அப்போது அது இன்னும் ஆவி, ட்ராப்பால் பிடிக்க முடியாது. குழாயில் போகப் போக ஆறி, நொசிலுக்கு அருகில் துளியாகும். இருபது நிமிடம் ஒழுங்காக அடித்துவிட்டு, திடீரென்று இறக்கையின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிப்பது இப்படித்தான்.

ஆகவே தாங்கியின் அடியில் உள்ள திருகை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் திறந்து விடுங்கள், கொஞ்சம் அமுக்கம் மிஞ்சியிருக்கும்போதே. துருநிறத் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். வெறுமையானதும் திருகைத் திறந்தபடியே விடலாம், உள்ளே துரு குறையும். மாரியில் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி வடிய விடுவதும் நல்லது. குழாய் 3 மீற்றர் இருந்தால், எயார்பிரஷுக்குக் கீழே பூட்டும் சிறிய இரண்டாவது ட்ராப் ஒன்றையும் வாங்குங்கள். விலை குறைவு, செய்யும் வேலை பெரிது.

எப்போது வாங்குவது என்றால், எப்போதும் வாங்கலாம், ஆனால் எந்தப் பெயின்றை எப்போது அடிப்பது என்பதைக் காலம் பார்த்துத் தீர்மானியுங்கள். கார்த்திகை, மார்கழியில் லக்கர் வகைப் பெயின்ற் சில வேளை வெள்ளை பூத்துப் போகும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் பனியாகப் படிவதே காரணம். மினுக்கம் உள்ள கிளியரிலும் கறுப்பிலும் இது பளிச்சென்று தெரியும். மெதுவாக ஆவியாகும் தின்னர், உதாரணமாக மிஸ்டர் லெவலிங் தின்னர், கலந்தால் பெரும்பாலும் தப்பலாம். ஏற்கெனவே பூத்திருந்தால் அதே தின்னரை மட்டும் மிக மெல்லிய புகையாக ஒருமுறை அடித்துப் பாருங்கள், பல தடவை தெளியும். கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை சிக்கல் வேறு மாதிரி. வெக்கையில் அக்ரிலிக் நொசில் நுனியிலேயே காய்ந்து அடைக்கும், பகலில் புழுதியும் பறக்கும். அந்த மாதங்களில் காற்று எழும்ப முன், விடியற்காலையில் அடிப்பதே நல்லது.

எயார்பிரஷைத் தெரிவு செய்வது இதைவிட இலகு. இரட்டைச் செயல் விசை (அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ற்) உள்ளது, கிண்ணம் மேலே உள்ளது, 0.3 மி.மீ. நொசில். இந்த மூன்றும் இருந்தால் 1/72 விமானம், 1/35 யுத்த தாங்கி, 1/700 கப்பல் எல்லாம் செய்யலாம். 0.2 நொசில் இன்னும் மெல்லிய கோடு தரும் என்று ஆசைப்பட்டுத் தொடங்காதீர்கள். வெக்கையில் அது அடிக்கடி அடைக்கும், பிரைமர் அதற்குள் போகவே மறுக்கும். இவாட்டா, ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் போன்றவற்றின் திருத்தமான வேலைப்பாடு கையில் எடுத்ததும் தெரியும், அதைவிடப் பெரிய லாபம் உதிரிப்பாகம் வருடங்களுக்குப் பிறகும் கிடைப்பது. பெயரில்லாத மலிவானது வாங்கினால் குற்றமில்லை, ஆனால் அதே நாளில் அதே கடையில் ஒரு ஊசியும் இரண்டு நொசிலும் கூட எடுத்து வையுங்கள். பயறு அளவு கூட இல்லாத அந்தத் திருகு நொசிலை, கூட வரும் சிறிய சாவியால் விரல் நுனி பலத்துக்கு மேல் இறுக்கினால் கழுத்து முறிந்து, மரை உடலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். தொடக்கத்தில் எயார்பிரஷ்கள் பழுதாக இது ஒரு பொதுவான காரணம்.

பூட்டும்போது மரை அளவைப் பாருங்கள். பெரும்பாலான எயார்பிரஷ், குழாய், கொம்பிரசர்களில் எட்டில் ஒன்று அங்குல பிஎஸ்பி (பிரித்தானியக் குழாய் அளவு) மரை. பேட்ஜர், பாஷ் ஆகியவற்றுக்குத் தனி மரை, இணைப்பான் வேண்டும். கொம்பிரசர் பக்க மரைகளுக்கு வெள்ளை டெப்லோன் நாடா இரண்டு மூன்று சுற்றுப் போடலாம், நொசிலுக்குக் கூடாது. மின் லேபலில் 220–240 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். 110 வோல்ற் ஒன்றை மலிவு என்று எடுத்தால் மின்மாற்றிக்குக் கொடுக்கும் காசு அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

இப்போது பெயின்ற். எந்தக் கொம்பிரசரும் எந்த எயார்பிரஷும் சரியாகக் கலக்காத பெயின்றைத் திருத்தாது. பாலின் பதம் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் கிண்ணத்தின் உட்சுவரில் ஒரு துளி விட்டுப் பாருங்கள்: வழிந்து இறங்கி, பின்னால் மெல்லிய நிறப்படலம் ஒன்றை விட்டுச் சென்றால் பதம் சரி. கட்டியாக நின்றால் தின்னர் காணாது. தடமே இல்லாமல் ஓடினால் கூடிவிட்டது. தமியா அக்ரிலிக் ஒரு பங்குக்கு அதன் சொந்த எக்ஸ்-20ஏ தின்னர் ஒன்று முதல் இரண்டு பங்கு. மிஸ்டர் கலர் லக்கருக்கு இரண்டு பங்கு வரை. வயெஹோவின் மொடல் எயார் வகை எயார்பிரஷுக்கென்றே கலந்து வருவது. அதற்கு அதே நிறுவனத்தின் தின்னரும் ஃப்ளோ இம்ப்ரூவரும் சில துளிகள் போதும். பாமசியில் 1 மி.லீ., 5 மி.லீ. சிரிஞ்சுகள் வாங்கி ஊசியைக் கழற்றிவிட்டு அளந்து கலவுங்கள், சரியாக வந்த விகிதத்தை மூடியில் எழுதி வையுங்கள். கலப்பது தனிச் சிறு போத்தலில். கிண்ணத்துக்குள் முதலில் இரண்டு துளி தின்னர், பிறகே பெயின்ற். கலக்காத கட்டிப் பெயின்ற் அடியில் போய் நொசிலுக்குள் இருப்பதை இது தடுக்கும். 1/72 போர் விமானம் ஒன்றின் ஒரு நிறத்துக்குக் கலந்த பெயின்ற் 2 மி.லீ. தாராளம்.

இங்கே கைக்கு எட்டும் மாற்றுகளில் எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தமியா அக்ரிலிக் மதுசாரம் கலந்தது. பாமசியில் வாங்கும் ஐசோபுரோபைல் அல்கஹோலில் அது நன்றாகவே கரையும், இது நிச்சயம். அதே அல்கஹோலை வயெஹோவில் விட்டால் தயிராகத் திரண்டு எயார்பிரஷை அடைக்கும், இதுவும் நிச்சயம். வாகனப் பெயின்ற் கடையில் விற்கும் என்சி (நைட்ரோசெலுலோஸ்) தின்னர் எயார்பிரஷைக் கழுவ மிக நல்லது. அதை மொடலில் அடிக்கும் பெயின்றுக்குள் கலப்பதுதான் சந்தேகமான இடம். உள்ளே என்னென்ன எந்த அளவில் இருக்கிறது என்பது கடைக்குக் கடை, ரின்னுக்கு ரின் மாறும். சில பிளாஸ்டிக்கை இளக்கி விடும். உங்கள் ரின்னைப் பற்றி இங்கிருந்து யாரும் உறுதி தர முடியாது. கிட் சட்டத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக் துண்டில் அடித்து ஒரு நாள் விட்டு நகத்தால் கீறிப் பாருங்கள். வெக்கையில் நுனி காய்வதைக் குறைக்க கிளிசரின் ஒரு துளி விடலாம் என்பார்கள். வேலை செய்யும், ஆனால் கை தவறிக் கூடினால் பூச்சு கிழமைக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். லக்கரும் தின்னரும் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத் தபாலில் வராது. ஆகவே பெயின்ற் எந்தக் கடையில் ஒழுங்காகக் கிடைக்கும் என்று பார்த்து, அதற்கேற்ற முறையைப் பழகுவது புத்தி.

முதல் நாட்களில் மொடலைத் தொடாதீர்கள். தண்ணீரில் நான்கைந்து துளி மை கலந்து கடதாசியில் அடியுங்கள். விசையைக் கீழே அழுத்தினால் காற்று, அப்படியே பின்னால் இழுத்தால் பெயின்ற். முடிக்கும்போது முதலில் முன்னே தள்ளிப் பெயின்றை மூடி, அதன் பிறகே காற்றை விட வேண்டும். காற்றை முதலில் விட்டால் ஊசி நுனியில் ஒரு துளி தங்கி, அடுத்த அழுத்தலில் பொட்டாகத் தெறிக்கும். விரலுக்கு இது பழகும் வரை வேறொன்றுக்கும் போக வேண்டாம். பிறகு ஒரு மி.மீ. புள்ளிகள், அந்தப் புள்ளிகளை இணைக்கும் கோடுகள், இருளில் இருந்து வெளிச்சத்துக்கு மங்கும் பட்டைகள். அதற்குப் பிறகு வெறும் பிளாஸ்டிக் போத்தலில் உண்மைப் பெயின்ற். முழுப் பரப்பை மூடுவதற்கு 8 முதல் 10 ச.மீ. தூரமும் 15–18 பிஎஸ்ஐ அமுக்கமும், கோடுகளுக்கு 2 முதல் 3 ச.மீ. தூரமும் 10–12 பிஎஸ்ஐ அமுக்கமும் தொடக்கத்துக்கு நல்ல எண்கள். மானியை விசை அழுத்திக் காற்று போய்க்கொண்டிருக்கும்போது வாசியுங்கள். மூடியிருக்கும்போது 20 காட்டுவது ஓடும்போது 15க்கு இறங்கிவிடும். இணையத்தில் இரண்டு பேர் வேறு வேறு அமுக்கம் சொல்வதற்கும் பல நேரம் இதுதான் காரணம்.

ஒரு மொடலில் இதை வைத்துப் பார்ப்போம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்க வந்தபோது சீனக்குடாவில் இருந்து பிரித்தானிய விமானப்படையின் 261ஆவது படைப்பிரிவின் ஹரிக்கேன்கள் எழும்பிப் போரிட்டன. நம் ஊர் மொடல்காரர் ஒருவர் எப்போதாவது அந்த ஹரிக்கேனைச் செய்யத்தான் விரும்புவார். கிட்டைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் கழுவிக் காயவிட்டு, பிரைமர் மெல்லியதாக இரண்டு தரம். கீழ்ப்புற வெளிர் நிறம் முதலில். ஒரு நாள் காயவிட்டு, மாரி என்றால் இரண்டு நாள், கீழ்ப்புறத்தை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். மேலே மண் பழுப்பை முழுவதும் அடியுங்கள், பிறகு கடும் பச்சைப் பட்டைகள். நிறங்கள் சேரும் விளிம்பு உண்மை விமானத்தில் 5 ச.மீ. மங்கியிருந்தது என்று வைத்தாலும் 1/72இல் அது 0.7 மி.மீ. கூட வராது. புதிய கையால் அவ்வளவு ஒடுக்கமாக அடிக்க முடியாது. சுவரில் போஸ்டர் ஒட்டும் களிபோன்ற ப்ளூ டாக்கை இரண்டு மி.மீ. பருமன் கயிறாக உருட்டி விளிம்பு நெடுக வைத்து, அதற்கு அப்பால் டேப்பால் மூடி, எயார்பிரஷை மொடலுக்கு நேர் செங்குத்தாகப் பிடித்து அடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் புகையாகவும் வரும். ஒரே தடவையில் நிறம் மூட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். முதல் தடவைக்குப் பிறகு அடியில் உள்ள நிறம் தெரிந்தால்தான் சரியான மெல்லிசு.

கோளாறு வந்தால் அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கலாம். கிண்ணத்துக்குள் குமிழி எழும்பினால் காற்று பெயின்ற் வழிக்குள் புகுகிறது: நொசில் சரியாக இருக்கவில்லை, அல்லது வெடித்திருக்கிறது, அல்லது நுனி அடைத்திருக்கிறது. காற்றை மட்டும் அழுத்தும்போதே பெயின்றும் வந்தால் ஊசி நொசிலுக்குள் முழுதாகப் போகவில்லை, அல்லது பின்னால் உள்ள ஊசி இறுக்கும் மரை தளர்ந்திருக்கிறது. பெயின்ற் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனால் ஊசி நுனி வளைந்திருக்கிறது. கண்ணாடியில் வைத்து உருட்டினால் நுனி துள்ளுவது தெரியும். அடித்த இடத்தில் சிலந்திக் கால்போல் ஓடினால் பெயின்ற் தண்ணீராகிவிட்டது, அல்லது மிகக் கிட்டப் பிடித்திருக்கிறீர்கள். மணல்போல் சொரசொரத்தால் பெயின்ற் மொடலைத் தொடும் முன்பே காய்ந்திருக்கிறது: தூரத்தைக் குறைத்து, அமுக்கத்தைக் குறைத்து, தின்னரைக் கூட்டுங்கள். அடிக்க அடிக்க ஓட்டம் குறைந்து பிறகு துப்பினால் நுனியில் பெயின்ற் காய்ந்திருக்கிறது, தின்னர் தோய்த்த பஞ்சுக் குச்சியால் நுனியைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

சுவாசம் பற்றி விட்டுக்கொடுக்காமல் சொல்கிறேன். துணி மாஸ்க்கும் சேர்ஜிகல் மாஸ்க்கும் இதற்குப் போதாது. என்95 பெயின்ற் துகளைப் பிடிக்கும், தின்னர் ஆவியைப் பிடிக்காது. லக்கர் அடிப்பவருக்கு தின்னர் போன்ற சேதனக் கரைப்பான்களின் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பூட்டிய ரப்பர் மாஸ்க் வேண்டும். ஐரோப்பிய அடையாளத்தில் பழுப்புப் பட்டை, ஏ எழுத்து, அதன் முன்னே துகள் வடிகட்டி. மாஸ்க் போட்டபடி தின்னர் மணம் வந்தால் கார்ட்ரிட்ஜ் முடிந்தது. பாவிக்காத நேரம் காற்றுப் புகாத பையில் மூடி வைக்காவிட்டால் அது சும்மா கிடந்தே தீர்ந்துவிடும். நுளம்புத் திரி, குப்பி விளக்கு, சாம்பிராணி, கேஸ் அடுப்பு எதுவும் அந்த அறையில் எரியக் கூடாது. பின்னேரம் ஆறு மணிக்கு வழக்கப்படி யாராவது நுளம்புத் திரி கொளுத்திக் கொண்டுவந்து வைப்பார்கள், வீட்டாருக்கு முதலே சொல்லி வையுங்கள். யன்னலில் பூட்டும் வெளியேற்று விசிறியின் முன் ஒரு பெட்டி வைத்தாலே அறைக்குள் பெயின்ற் புகை பெருமளவு குறையும். எந்த யன்னல் என்பதில் கவனம்: கச்சான் காலத்தில் மேற்கு, தெற்குப் பக்க யன்னலால் தள்ளும் புகை திரும்பி முகத்துக்கே வரும். வாடைக் காலத்தில் வடக்கு, கிழக்கு அப்படி.

கழுவுவது இரண்டு வகை. நிறம் மாற்றும்போது கிண்ணத்தை வெறுமையாக்கி, தின்னர் விட்டு, நொசில் முனையை ரிஷூவால் மெல்ல மூடிக்கொண்டு விசையை இழுத்தால் காற்று பின்னால் திரும்பிக் குமிழி எழுப்பி உள்ளே ஒட்டியதைக் கழற்றும். இரண்டு மூன்று முறை, தெளிவாக வரும் வரை. வேலை முடிந்த பிறகு ஊசியைக் கழற்றி, பின்புறத்தில் இருந்து நுனி நோக்கித் துடைத்து, நொசிலைத் தின்னரில் ஊற விடுங்கள். முழு உடலையும் ஊறப் போடக் கூடாது. உள்ளே உள்ள சாதாரண ரப்பர் வளையங்கள் வீங்கி விசை இறுகிப் போகும். கம்பியால் நொசிலைக் குத்தவும் கூடாது. தண்ணீரில் கழுவும் பெயின்ற் என்றால் கிணற்றுத் தண்ணீர் சவராக இருக்கும் வீடுகளில் அது காய்ந்து உப்புப் படியும், உலோகமும் அரிக்கும். கடைசிக் கழுவலுக்கு வடித்த நீர் பாவியுங்கள். பற்றரிக்கு விற்கும் வடித்த நீர் போதும், போத்தலில் அசிட் என்று இல்லாததைப் பார்த்து எடுங்கள். சிலிக்கன் கலந்த ஸ்பிரே எண்ணெய்களை எயார்பிரஷுக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், பூச்சில் மீன்கண், அதாவது பெயின்ற் வட்டமாக விலகிய இடங்கள், விழும்.

கொம்பிரசர் பார்சல் வந்த அன்றைக்கே சோதித்து விடுங்கள். எயார்பிரஷ் பூட்டாமல் முனையை மூடி 4 பார் வரை ஏற விடுங்கள். நிற்கும்போது 'புஸ்' என்று ஒரு சிறு காற்று வெளியேற வேண்டும், அது பிஸ்டன் தலையில் உள்ள அமுக்கத்தை விடுவிக்கும் சத்தம். அது வராவிட்டால் அடுத்த முறை மோட்டர் சுழலாமல் 'ம்ம்' என்று முனகும். அப்படி முனகினால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள், முனகிக்கொண்டே விட்டால் சுருள் கருகும். நின்ற பிறகு கால் மணித்தியாலம் மானியைப் பாருங்கள். முள் இறங்கினால் எல்லா மூட்டுகளிலும் சவர்க்கார நுரையைப் பூசிக் கசிவைத் தேடுங்கள். மரைக் கசிவை டெப்லோன் நாடாவால் நீங்களே அடைக்கலாம். தாங்கியின் ஒட்டு வேலையிலேயே குமிழி வந்தால் திருத்த முயலாமல், வீடியோ எடுத்து, மாற்றித் தரும் நாள் முடிய முன் விற்றவருக்கு அனுப்புங்கள்.